பதினெட்டு டிகிரிக் கடல்

போன வாரம் மில்லில் இருந்து போன் வந்தது. பழைய பிளாண்ட் ரூமை மொத்தமாக மாற்றப் போகிறார்களாம். இனிமேல் காற்றின் ஈரத்தைச் சுவரில் ஒட்டியிருக்கும் சென்சார் பார்த்துக்கொள்ளும். விசிறியின் வேகத்தைக் கம்ப்யூட்டர் கூட்டும், குறைக்கும். "அதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து, புதுசா சேந்தவங்களுக்கு உங்க அனுபவத்தச் சொல்லணும் அண்ணாச்சி" என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். தாளும் பேனாவுமாக உட்கார்ந்து மூன்று பக்கம் குறிப்பு எழுதினேன். மறுநாள் திரும்பவும் போன்.

"அண்ணாச்சி, பிளாண்டப் பத்தி ரொம்ப வேண்டாம். அத மிஷின் கம்பெனிக்காரங்க சொல்லிருவாங்க. நீங்க அந்த மீன் கதைய மட்டும் சொல்லுங்க, போதும்."

முப்பத்து நாலு வருஷம். ராஜபாளையத்து வெயிலில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் காற்றைப் பதமாக வைத்திருந்த மனுஷன் நான். கடைசியில் எனக்கு மிஞ்சிய பெயர் 'மீன்கார அண்ணாச்சி'. கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள். பஸ்ஸில் கேட்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு மாதிரியாகவும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தர் கதையில் அது சுறாக்குட்டி. ஆகவே நடந்தது நடந்தபடி இங்கே ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். ஆனால் பிளாண்டைப் பற்றியும் எழுதுவேன். அது இல்லாமல் மீன் விளங்காது.

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு, பிறகு ஒரு ஐஸ் கம்பெனியில் இரண்டு வருஷம், பிறகு மில். வீடு அன்றும் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். தினமும் டவுன் பஸ்.

பஞ்சை நூலாக்குகிற இடத்தில் காற்று காய்ந்துபோனால் இழை அறும். ஈரம் கூடிவிட்டால் பஞ்சு ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அதனால் வெளிக்காற்றை இழுத்து, தண்ணீர்த் திவலைக்குள் விட்டுக் கழுவி, நனைத்து, குளிரவைத்து உள்ளே அனுப்ப வேண்டும். அதற்குத்தான் பிளாண்ட். டிபார்ட்மெண்டுக்கு டிபார்ட்மெண்ட் கணக்கு வேறு. பஞ்சை உடைக்கிற இடத்துக்கு ஒன்று, நூற்கிற ரிங் ஃப்ரேமுக்கு ஒன்று, நூலைச் சுற்றுகிற இடத்துக்கு ஒன்று. நடுவில் ஒரு கதவுதான் இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் வேறு ஊர், இந்தப் பக்கம் வேறு ஊர்.

மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். கிலுகிலுப்பை மாதிரி ஒரு கருவி. அதில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். அந்தத் துணியை எண்ணெய்க் கையால் தொடக்கூடாது. குழாய்த் தண்ணீரில் நனைக்கக்கூடாது. கைப்பிடியைப் பிடித்து ஒரு நிமிஷம் விடாமல் சுற்ற வேண்டும். நிறுத்தியதும் ஈரத் துணி தெர்மாமீட்டரைத்தான் முதலில் படிக்க வேண்டும், அதுவும் நம் மூச்சுக் காற்று மேலே படாமல். செத்த நேரம் தாமதித்தாலும் அளவு ஏறிவிடும். பிறகு அட்டவணையைப் பார்த்து ஈரப்பதத்தை ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் கஷ்டமான வேலை எது என்று கேட்டால், எழுதுவதுதான். காரணம் ராமநாதன் சார்.

ராமநாதன் சார் எங்கள் சீஃப் இன்ஜினியர். சத்தம் போட மாட்டார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்றின் மூடி எப்போதும் வாயில். அவர் தெர்மாமீட்டரைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. கேட்பார்.

"எவ்வளவு இருக்கு?"

"நாப்பத்தொம்போது சார்."

"எவ்வளவு?"

"நாப்பத்தொம்போது சார். பம்பு ஒன்னு அடச்சுக் கெடக்கு."

பேனா மூடியைக் கடித்தபடி நம்மையே பார்ப்பார். பிறகு அதே குரலில், அதே மெதுவில்: "எவ்வளவு?"

மூன்றாவது தடவை கேட்டால், அவருக்கு வேண்டிய எண் நம் வாயில் தானாக வந்துவிடும். "அம்பத்தெட்டு சார்." "ம். எழுதிரு." போய்விடுவார். அவர் ஒருபோதும் பொய் எழுதச் சொன்னதில்லை. அந்தச் சாமர்த்தியம் இன்றுவரை எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஒரு சித்திரை மாதம், வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும், அப்படி நான் நாலு நாள் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். உண்மையில் ஐம்பதுகூட இல்லை. ரிங் ஃப்ரேமில் இழை அறுந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் அறும். அங்கே முத்துலட்சுமி என்று ஒரு பெண், கெட்டிக்கார வேலைக்காரி. அவர் பார்த்த ஃப்ரேமில்தான் அதிகம் அறுந்தது. விசாரணை வைத்தார்கள். 'காற்றில் குறை இல்லை, ரெஜிஸ்டரில் சரியாக இருக்கிறது, ஆகவே கவனக்குறைவு' என்று முடித்து, அவரைக் கழிவுப் பஞ்சு பொறுக்குகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம், வேலை போய்விடும் என்று பயம். அப்புறம் ஒரு நாள் கேட்டில் முத்துலட்சுமி என்னை நிறுத்தினார்.

"அண்ணே, அந்த அம்பத்தெட்ட நீங்கதான எழுதுனீக?"

"ஆமா."

"எனக்கு மூக்கு காஞ்சி ரத்தம் வந்துச்சு அண்ணே. ஒங்களுக்கு வரலையா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். ஆறு மாதம் கழித்து அவரைத் திரும்பவும் ஃப்ரேமுக்கு எடுத்துக்கொண்டார்கள், ஆள் பற்றாக்குறையால். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் அளந்ததைத்தான் எழுதினேன். ராமநாதன் சார் மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் ஒரே எண்ணைச் சொன்னேன். அதனால் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. அது வேறு விஷயம்.

இனி மீன்.

நான் ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது, மில்லோடு சேர்த்து ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற யூனிட் ஒன்று தொடங்கினார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிற சரக்கு. வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்கள் உட்கார, கண்ணாடியும் கிரானைட்டுமாகப் புது வரவேற்பறை. முதலாளியின் மகன்தான் எம்.டி., நாற்பது வயது, கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் பார்த்ததையெல்லாம் வாங்கிவிடுவார். சென்னையில் ஏதோ ஹோட்டலில் பார்த்துவிட்டு, ஆறடி நீளத்தில் கடல் மீன் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கடைக்காரர் ஆட்களோடு வந்து, உப்புப் பொடியைக் கரைத்துக் கடல் தண்ணீர் தயாரித்து, உயிரோடு இருக்கிற பவளங்களை அடுக்கி, மீன்களை விட்டு, குளிர்விக்கிற மிஷினை இருபத்தாறு டிகிரியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மிஷின் குளிர்விக்கிற மிஷின். ஆகவே ஏசி டிபார்ட்மெண்ட். ஆகவே நான். இப்படித்தான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கடல் என் தலையில் விழுந்தது.

மற்ற மீன்களைப் பற்றிப் புகார் இல்லை. ஐந்து சின்ன மீன்கள் இருந்தன. சுண்டுவிரல் நீளம். நெருப்பு நிறத்தில் உடம்பு, அதில் முகத்திலிருந்து பாதி உடம்புவரை நீலக் கோடுகள். வெல்டிங் வைக்கும்போது வருமே, அந்த நீலம். எம்.டி. மற்ற எதையும் விட அதைத்தான் எல்லோருக்கும் காட்டினார். பெயர் கேட்டேன். "கேட்டலினா கோபி" என்றார் கடைக்காரர். எங்கள் டைம் ஆபீஸ் கிளார்க்கின் பெயர் கோபி. முதல் வாரத்தில் இரண்டு மீன் செத்ததும், செக்யூரிட்டி எம்.டி.க்குப் போன் போட்டு, "சார், கோபி செத்துட்டாரு" என்று சொல்லிவைக்க, எம்.டி. மாலை வாங்க ஆளனுப்பிவிட்டார். கோபி சீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

மீதி மூன்றும் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மூச்சுத் திணறுவது தெரியும். செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. குளிர்ந்த தண்ணீர் வந்து விழுகிற குழாய் வாயிலேயே மூன்றும் ஒண்டிக்கொண்டு நின்றன. சூடான தண்ணீரில் காற்று கரைந்து நிற்காது. பிளாண்ட் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"இதுக்கு எத்தன டிகிரி வேணும்?"

"இருபத்தாறுல போட்டிருக்கே அண்ணே."

"அது பவளத்துக்கு. இந்தச் சின்ன மீனுக்கு?"

"எல்லாம் கடல் மீன்தானே அண்ணே!"

இதை ராமநாதன் சாரும் சொன்னார், கேன்டீன்காரரும் சொன்னார், என் மச்சினனும் சொன்னான். கடல் என்றால் ஏதோ ஒரே பெரிய அண்டா, உலகம் முழுக்க ஒரே சூட்டில் கிடக்கிற மாதிரி. ஒரு மில்லுக்குள்ளேயே கதவுக்குக் கதவு வேறு காற்று வேண்டியிருக்கிறது. அம்புட்டுப் பெரிய கடலில் டிபார்ட்மெண்ட் இருக்காதா? இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒருத்தர் மீனுக்குப் பசிக்கிறது என்று மிக்சரை அள்ளிப் போட்டார். அன்று முழுக்க நான் தொட்டியில் கடலைப்பருப்பு பொறுக்கினேன்.

எஸ்தர் டீச்சர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ராஜபாளையத்தில் ஒரு காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். ஒரே பஸ்ஸில்தான் போவோம். மீனை என் போனில் படமெடுத்துக் காட்டினேன். பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"இத யாரு அண்ணாச்சி இங்க கொண்டாந்தது?"

"எங்க எம்.டி."

"எத்தன டிகிரில வச்சிருக்கீங்க?"

"இருபத்தாறு."

"ஐயோ, கொல்லுதீங்களே!"

மறுநாள் எல்லாம் படித்துவிட்டு வந்து சொன்னார். அமெரிக்காவின் மேற்குக் கரை, கலிபோர்னியாவிலிருந்து மெக்சிகோ வரை. அங்கே கடலடியில் பாறைத் திட்டுகள். பவளம் இல்லை, பாறை. பனைமர உயரத்துக்குக் கடல்பாசி காடு மாதிரி நிற்குமாம். தண்ணீர் குளிர். இந்த மீன் பாறை இடுக்கில் ஒண்டியிருக்கும்; கடல்முள்ளி என்று முள்ளுப் பந்து மாதிரி ஒரு உயிர் இருக்கிறதாம், ஆபத்து வந்தால் அதன் முள்ளுக்கு நடுவே போய் நின்றுகொள்ளும். "நம்ம பக்கத்துக் கடல்ல இது பொழைக்காது அண்ணாச்சி. நிறத்தப் பாத்துட்டு வெப்பக்கடல் மீனோட சேத்து வித்துருதாங்க. வாங்குறவங்களும் ரெண்டு மாசத்துல செத்துப்போச்சு, ராசி இல்லன்னு விட்டுருதாங்க."

"அப்ப எத்தன வேணும்?"

"பதினெட்டு வச்சுப் பாருங்க."

நேராக ராமநாதன் சாரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பேனா மூடியைக் கடித்தார்.

"பதினெட்டு வச்சா பவளம்?"

"செத்துரும் சார்."

"பவளம் செத்தா வெளுத்துப்போயி வாரவன் கண்ணுல படும். மீனு செத்தா வேற வாங்கி விட்டுக்கிடலாம்."

"அப்ப அந்த மூணையும் நான் தனியா எடுத்து வச்சுக்கிடட்டா சார்?"

"என்னமும் செய்யி, போ." கையை வீசினார். இந்த வார்த்தையை அவர் சொன்னார். சொல்லவில்லை என்று பிறகு சாதித்தார், அதனால்தான் எழுதுகிறேன்.

பிளாண்ட் ரூமில் ஒரு மூலையை ஒழித்தேன். லேபில் கழித்துப்போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று கிடைத்தது. கேன்டீனில் மூலையில் கிடந்த வாட்டர் கூலரின் கம்ப்ரசர் நன்றாக ஓடியது. அதன் செம்புச் சுருளையே தண்ணீரில் இறக்கிவிடலாம் என்று இருந்தேன். நல்லவேளை பஸ்ஸில் வாயை விட்டேன். "செம்பா? உப்புத் தண்ணியில செம்பு கரைஞ்சா மீனுக்கு விஷம் அண்ணாச்சி" என்று டீச்சர் அலறிவிட்டார். வன்னியம்பட்டியில் எனக்குத் தெரிந்தவர் பால் சேகரிக்கிற இடத்தில் இருந்தார். அங்கே பாலைக் குளிரவைக்கிற பழைய தொட்டி ஒன்று கழித்துக் கிடந்தது. அதில் எவர்சில்வர் குழாய்ச் சுருள். கழற்றிக் கொண்டுவந்தேன். பாறைக்கு எங்கே போக? எங்கள் ஃபிட்டர் ஒருத்தருக்கு ஆலங்குளம். லீவு முடிந்து வரும்போது ஒரு சாக்கு நிறைய சுண்ணாம்புக் கல் தூக்கிவந்தார். சிமெண்டுக்கு உடைக்கிற அதே கல்தான். நாலு நாள் கழுவிக் கழுவி, இடுக்கு இடுக்காக இருக்கும்படி அடுக்கினேன். கடல்முள்ளிக்கு மட்டும் வழி இல்லை. கடைசியில் மிஷின் துடைக்கிற நைலான் பிரஷ் இரண்டைப் புதிதாக வாங்கி, முள் மேலே பார்க்கும்படி கல்லுக்கு நடுவே செருகினேன். எவனாவது பார்த்தால் பைத்தியம் என்பான். சொல்லவும் செய்தார்கள்.

இருபத்தாறிலிருந்து பதினெட்டுக்கு ஒரே நாளில் இறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு டிகிரி. மணிக்கு ஒரு தடவை எழுதினேன், தனி நோட்டில். இருபத்திரண்டுக்கு வந்ததும் குழாய்ச் சுருளை விட்டு நகர்ந்தன. இருபதில் செவுள் நிதானமாக அடித்தது. பத்தொன்பதில் பெரியது மெதுவாக நீந்திப்போய், நைலான் பிரஷ்ஷின் நார்களுக்கு நடுவே நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. சுற்றிலும் பிளாண்டின் இரைச்சல், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நான் ஒற்றை ஆளாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வேறு வசவு. "இங்க கரண்டு போனா விசிறிமட்டைதான். ஒங்க மீனுக்கு ஜெனரேட்டரா?" என்றாள் என் மனைவி. ஜெனரேட்டர்தான்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு பெரிய ஆர்டர் கொடுக்கப் போகிற வெளிநாட்டு அம்மா ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. எம்.டி. வரவேற்பறைத் தொட்டியைப் பார்த்திருக்கிறார். நெருப்பு மீன் எங்கே என்று கேட்டிருக்கிறார். ராமநாதன் சார் என்ன சொன்னார் தெரியுமா? "வேலுச்சாமி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்னு கேள்வி சார்."

என்னைக் கூப்பிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேலே வேலை பார்த்த இடத்தில், திருடன் மாதிரி நிற்க வைத்தார்கள். எம்.டி. நாற்காலியில், பக்கத்தில் ராமநாதன் சார் நின்றபடி.

"மீன் எங்க அண்ணாச்சி?" என்றார் எம்.டி.

"கீழ பிளாண்ட் ரூம்ல இருக்கு சார். உயிரோட."

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"சாரக் கேட்டுத்தான்."

ராமநாதன் சார் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "எங்கிட்டக் கேக்கல சார். கேட்டா விடுவேனா? சரி, அங்க தண்ணி எவ்வளவு டிகிரியில வச்சிருக்க?"

"பதினெட்டு சார்."

"கடைக்காரர் இருபத்தாறுன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. எவ்வளவு?"

"பதினெட்டு."

எனக்குத் தெரியும், இருபத்தாறு என்று சொல்லியிருந்தால் ஏதோ தெரியாமல் செய்துவிட்டான் என்று முடித்திருப்பார்கள். இருபத்தாறுக்கு மாற்றியும் இருப்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எவ்வளவு, வேலுச்சாமி?"

"எத்தன தடவ கேட்டாலும் பதினெட்டுத்தான் சார். தெர்மாமீட்டர் அங்கதான் தொங்குது. ஒரு தடவ நீங்களே வந்து பாத்துருங்களேன்."

அந்த அறையில் அப்படி யாரும் பேசியதில்லை. எம்.டி. எழுந்தார். நேராகக் கீழே இறங்கி, அந்த இரைச்சலுக்குள், இஸ்திரி போட்ட பேண்டோடு தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெரிய மீன் பிரஷ்ஷுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. தெர்மாமீட்டரைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக மணிவாரியாக எண்கள். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, "இத அப்படியே மேல கொண்டாங்க" என்றார்.

அப்பாடா என்று இருந்தீர்களா? நானும் இருந்தேன். அடுத்த தலைவலி அங்கேதான் தொடங்கியது. தொட்டியை மேலே வைத்த ஒரு மணி நேரத்தில் கண்ணாடி வேர்த்துவிட்டது. ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வெளியே முழுக்கத் தண்ணீர். உள்ளே மீன் இருக்கிறதா, மிளகாய் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆள் வைத்துத் துடைக்கலாம் என்றார் ராமநாதன் சார். துடைக்கத் துடைக்க வேர்க்கும். சூடும் ஈரமும் எத்தனை இருந்தால் எத்தனை டிகிரி கண்ணாடி வேர்க்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. அதுதானே என் பிழைப்பு. கருவியைச் சுற்றி அளந்தேன். அறையில் இருபத்தேழு டிகிரி, ஈரம் அறுபதுக்கு மேல். பதினெட்டு டிகிரிக் கண்ணாடி வேர்க்கத்தான் செய்யும். ஈரத்தை ஐம்பதுக்குக் கீழே இறக்கினால் நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு அறையில் தண்ணீரைப் பிழிந்து எடுக்க மூன்று நாள் மெனக்கெட்டேன். கதவுச் சந்துக்கு ரப்பர் அடித்து, ஏசியின் காற்றைக் குறைத்து, பூந்தொட்டிகளையெல்லாம் வெளியே தூக்கிவைத்து. கண்ணாடி பளிச்சென்று ஆனது.

அந்த அம்மா வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்றார். எம்.டி. மீனைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். "கியூட்" என்றார் அந்த அம்மா. கையில் இருந்த கட்டுத்துணி மாதிரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இழைகளை எண்ணத் தொடங்கினார். அவ்வளவுதான். இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிக்காக என்னைத் திருடன் ஆக்கினார்கள்.

ஆர்டர் கிடைத்தது. மீனை எல்லோரும் மறந்தார்கள். அதனால் மீன்களுக்கு நல்ல காலம். தொட்டியைத் திரும்பவும் பிளாண்ட் ரூமுக்கே கொண்டுவந்துவிட்டேன். சில மாதத்தில் பெரியது செத்தது. டீச்சரிடம் சொன்னபோது, "அது ஆண். இனிமே பாருங்க, மீதி ரெண்டுல ஒன்னு ஆணா மாறும்" என்றார். நம்பவில்லை. மாறியது. இரண்டில் கொஞ்சம் பெரியதாக இருந்தது, நாளாக நாளாக விறைப்பாக நீந்தத் தொடங்கி, பிரஷ்ஷைத் தன் இடமாக்கிக்கொண்டது. ஒரு நாள் காலை ஷிஃப்ட்டில் பார்க்கிறேன், கல்லின் குழிவுக்குள் பொடிப் பொடியாக முட்டைகள். அந்த மீன் அதன் முன்னால் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. அளவு தப்பாமல், நிறுத்தாமல், முட்டைகள் மேல் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்படி. அது என்னுடைய வேலை. அன்று சாப்பாட்டு நேரத்தில் தயிர்ச்சோற்றை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். குஞ்சுகள் பொரித்தன, கண்ணுக்கே தெரியாத அளவு. அவற்றுக்குக் கொடுக்கத் தீனி நம்மிடம் இல்லை. இரண்டு நாளில் ஒன்றும் இல்லை. டீச்சர் முன்னாலேயே சொல்லியிருந்தார். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க அந்தக் குழிவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மீனின் ஆயுசே கொஞ்சம்தான், எத்தனை நன்றாக வைத்தாலும் ஓரிரண்டு வருஷம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நிறம் மங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் போயின. கடைசி மீன் செத்த அன்று ராமநாதன் சார் ஒரு பேப்பரைக் கொண்டுவந்தார். சொத்துக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டுமாம். அதில் அவர் கையால் எழுதியிருந்தது: 'இறப்புக்குக் காரணம் — அதிகக் குளிர்.' கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

படித்தேன். இருபத்தாறில் செத்த இரண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபம் தலைக்கு ஏறியது. அவர் எழுதியதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'முதுமை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"மீனுக்கு என்னலே முதுமை?"

"நமக்கு இருக்குல்லா சார், அதே முதுமைதான்."

பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதை எங்கே கொடுத்தார், கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. மில் முழுக்க 'ஏசி அண்ணாச்சி மீனை விறைக்க வச்சே கொன்னுட்டார்' என்று பேச்சு கிளம்பியது மட்டும் தெரியும். இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள். மறுக்க மறுக்க ஜாஸ்தியாகிறது.

எம்.டி. அடுத்த மாதம் சென்னைக்குப் போயிருந்தார். நான் கம்ப்ரசரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன். அவர்தான். பின்னால் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. எங்கே நிற்கிறார் என்று புரிந்து, திரும்பவுமா என்று துணியைக் கீழே வைத்தேன்.

"அண்ணாச்சி, ஒரு மீன் காட்டுறாரு. மஞ்சளா, நல்லா இருக்கு. இதுக்கு எத்தன டிகிரி வேணும்?"

வாங்குவதற்கு முன்னால் கேட்கிறார்.

"அதக் கடைக்காரர்ட்டயே கேளுங்க சார். டிகிரி வேண்டாம். அது எந்தக் கடல்ல இருந்து வருதுன்னு மட்டும் கேளுங்க."

போனை விலக்கி அவர் கேட்பது எனக்குக் கேட்டது. "இது எந்தக் கடல்ப்பா?"

"கடல்தான் சார்" என்றது அந்தக் குரல்.

அப்புறம் எம்.டி. சொன்னார், எனக்கில்லை, அந்த ஆளுக்கு:

"வேண்டாம். தொட்டியிலயே விட்டுரு."